கச்சான் காற்றும் இரண்டு தொன் அமோனியாவும்

அமோனியா மணம் தனக்குப் பழகிவிட்டது என்று பெருமை பேசுகிறவனைக் கண்டால் எனக்குப் பயம் வரும். இருபத்தாறு வயதில் நானும் அப்படித்தான் பேசித் திரிந்தேன். மூக்கு பழகத்தான் செய்யும். கண்ணும் தொண்டையும் பழகுவதில்லை என்பதை ஒரு காலையில் எட்டு நிமிடத்துக்குள் படித்துக்கொண்டேன்.

மட்டக்களப்புக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை ஊர்களில் ஒன்று. ஊரின் பெயரையும் ஆலையின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அந்த முதலாளி இன்று உயிரோடு இல்லை, ஆலையும் கைமாறிவிட்டது. வாவிப் பக்கமாக ஐஸ் ஆலை, அதன் பின்மதிலை ஒட்டி ஓர் ஒழுங்கை, ஒழுங்கையிலிருந்து கடற்கரை வரைக்கும் வீடுகள். ஆலை கட்டிய காலத்தில் அந்தப் பக்கம் வெறும் தென்னந்தோட்டமாக இருந்ததாம். 2004 சுனாமிக்குப் பிறகு கரையில் இருந்த குடும்பங்கள் உள்ளே தள்ளி வந்தன. நான் வேலைக்குச் சேர்ந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பாலர் பாடசாலையும் இருந்தது. பிள்ளைகள் பாடுவது கொம்பிரசர் நிற்கும் நேரங்களில் எங்களுக்குக் கேட்கும்.

ஐஸ் ஆலைக்குள் போயிராதவர்களுக்காக ஒன்றிரண்டு வரி. பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரப் பெட்டிகளை இறக்கி வைப்போம். தொட்டிக்குள் ஓடும் இரும்புக் குழாய்களில் அமோனியா கொதித்து ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், பெட்டிக்குள் தண்ணீர் உறைந்துவிடும். ஆவியான அமோனியாவைக் கொம்பிரசர் இழுத்து அழுத்தும், குளிர்ந்து மறுபடி திரவமாகி ரிசீவர் என்கிற உருளையில் சேரும். குழாய்கள் எல்லாம் இரும்பு. செம்பையும் பித்தளையையும் அமோனியா தின்றுவிடும். எங்கள் வெயிலில் அழுத்தப் பக்கத்துக் கேஜ் சதுர அங்குலத்துக்கு 180 இறாத்தலைச் சுற்றியே ஆடும். இந்தச் சுற்றில் கொம்பிரசரின் ஒயிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துபோகும். திரவ அமோனியாவைவிட ஒயில் கனமானது, ஆகவே உருளைகளின் அடியில் போய் உறங்கும். அதை அடிக்கடி வடித்தெடுக்க வேண்டும். ஐஸ் ஆலைக்காரன் சாவதும் கண் இழப்பதும் அடிக்கடி நடப்பது இந்த ஒயில் வடிக்கும் வேளையில்தான்.

2007 ஆவணி மாதம், கச்சான் காற்றுக் காலம். எங்கள் மூத்த ஒபரேட்டரை எல்லாரும் பெரியண்ணன் என்போம். ரிசீவரின் அடிக் குழாயில் ஒரு சாதாரண வால்வு, கீழே ஒரு பழைய பெயின்ட் வாளி. வால்வைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. ஒயில் தடித்து அடைத்திருக்கிறது என்றார். இன்னும் இரண்டு சுற்றுத் திறந்தார். அதற்கும் வரவில்லை. ஒரு கட்டுக்கம்பியை எடுத்து வாயில் குத்தினார். நான் பக்கத்தில் நின்று வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடைப்பு விட்டது. முதலில் கறுப்பாக ஒரு கைப்பிடி ஒயில். அடுத்த கணம் வெள்ளை. புகை என்று சொல்ல முடியாது, பஞ்சைப் பிய்த்து எறிந்ததுபோல ஒன்று வாளியை நிரப்பி வழிந்து தரையில் ஓடியது. அமோனியா காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். வாயுவாக மட்டும் கசிந்தால் அது சரி. திரவமாக வெளியே விழுந்தால் பூச்சியத்துக்குக் கீழே 33 பாகை செல்சியஸில் கொதிக்கிற அந்தக் குளிர், ஈரக் காற்றோடு கலந்து கனத்த மூடுபனியாகி நிலத்தோடு தவழும். ஒரு லீற்றர் திரவம் ஏறக்குறைய 850 லீற்றர் வாயுவாக விரியும். அந்த வெள்ளை, மதிலின் அடியில் தண்ணீர் போக விட்டிருந்த ஓட்டை வழியாக ஒழுங்கைக்குள் நுழைவதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை.

நான் ஓடினேன். எந்தப் பக்கம் ஓடினேன் என்பதை இன்று வரை வெட்கத்தோடுதான் நினைக்கிறேன். வாசல் கிழக்கே இருந்தது, கச்சான் மேற்கிலிருந்து வீசியது. வாசலைப் பார்த்து ஓடினேன், மேகமும் என்னோடு ஓடி வந்தது. பெரியண்ணன் ஓடவில்லை. ஐஸ் மூடுகிற சாக்கைத் தண்ணீரில் முக்கித் தலையில் போட்டுக்கொண்டு திரும்பப் போய் வால்வைத் தடவிப் பிடித்து மூடினார். ஒழுங்கையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் ஒரு முதியவரும் மயங்கி விழுந்தார்கள். பாலர் பாடசாலை அன்று விடுமுறை. அந்த வாக்கியத்தை எழுதும்போது இப்போதும் கை ஒரு கணம் நிற்கிறது.

யாரும் சாகவில்லை. பெரியண்ணனின் இடது கண் பிறகு சரியாகத் தெரியவில்லை. எவ்வளவு போனது என்று முதலாளி கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் திரும்ப நிரப்பியபோது 50 கிலோ சிலிண்டர் ஒன்று முழுதாகவும் இன்னொன்றில் பாதியும் பிடித்தது. அப்படித்தான் தெரிந்தது, எழுபத்தைந்து கிலோ.

விசாரிக்க வந்தவர்கள் கேட்டவை எல்லாம் எங்களிடம் இருந்தன. வியாபார உரிமம், சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், தொழிலாளர் பதிவேடு. ஒருவர் சக்கரப் பட்டிக்கு மறைப்புப் போட்டிருக்கிறதா என்று பார்த்தார், போட்டிருந்தது. இன்னொருவர் கழிவுநீர் எங்கே போகிறது என்றார், காட்டினோம். மதிலுக்கு அந்தப் பக்கம் எத்தனை வீடு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரவர் கையில் இருந்த படிவத்தில் என்ன கட்டம் இருந்ததோ அதைத்தான் நிரப்பினார்கள்.

அடுத்த வருடம் கட்டார் போனேன். மெசாயிட் கைத்தொழில் நகரில் ஒரு தொழிற்சாலையின் குளிரூட்டும் பகுதியில் ஒன்பது வருடம். முதல் நாள் பயிற்சியில் கேட்ட முதல் கேள்வி கொம்பிரசரைப் பற்றியதல்ல. “இப்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?” என்றார் பயிற்றுநர், ஒரு மலையாளி. அறைக்குள் இருந்த முப்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கம்பத்தில் ஒரு செம்மஞ்சள் துணிக்குழாய் ஆடிக்கொண்டிருந்தது. மேகம் வந்தால் அதைப் பார், காற்றுக்குக் குறுக்கே நட, பிறகு காற்று வரும் பக்கமாகத் திரும்பு என்றார். எனக்கு அந்த ஒழுங்கை ஞாபகம் வந்தது.

செவேசோ என்ற பெயரையும் அவரிடம்தான் முதலில் கேட்டேன். இத்தாலியில் ஒரு சிற்றூர். 1976 ஜூலை 10, ஒரு சனிக்கிழமை, இரசாயன ஆலை ஒன்றில் இரசாயனத் தாக்கம் நடக்கும் கலனிலிருந்து டையொக்சின் என்ற நஞ்சு கலந்த மேகம் வெளியேறியது. ஆலை இருந்தது பக்கத்து ஊரான மேதாவில். மேகம் போய் விழுந்தது செவேசோவில். உலகம் ஞாபகம் வைத்திருப்பது ஆலை இருந்த ஊரை அல்ல, காற்று போன ஊரை. மிருகங்கள் செத்தன, பிள்ளைகளின் முகத்தில் கொப்புளம் கிளம்பியது. மக்களை வெளியேற்றத் தொடங்கவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது, என்ன விழுந்தது என்று ஊருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு 1982இல் ஐரோப்பாவில் ஒரு சட்டம் வந்தது, 1996இலும் 2012இலும் அதைத் திருத்தி எழுதினார்கள். இன்றைக்கும் அதற்குச் செவேசோ என்றுதான் பெயர்.

அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு ஓர் அட்டவணை. எந்தப் பொருள், எத்தனை தொன் வைத்திருக்கிறாய்? குளோரின் என்றால் 10 தொன்னில் கீழ்ப்படி, 25 தொன்னில் மேல்படி. அமோனியாவுக்கு 50, 200. கீழ்ப்படியில் ஏறினால் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும், பெருவிபத்தைத் தடுக்க என்ன செய்கிறாய் என்று எழுதி வைக்க வேண்டும். மேல்படியில் ஏறினால் பாதுகாப்பு அறிக்கை, உள்ளே ஒரு அவசரத் திட்டம், வெளியே உள்ளூராட்சிக்கு ஒரு அவசரத் திட்டம், சுற்றியிருக்கிற மக்கள் கேட்காமலே அவர்களுக்குத் தகவல். பக்கத்து ஆலை தீப்பிடித்தால் உன் ஆலைக்கு என்ன ஆகும் என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கடமையும் உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் மெதைல் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் செத்த பிறகு இந்தியாவும் 1989இல் இதே மாதிரியான அட்டவணையோடு விதிகள் கொண்டுவந்தது.

அன்றிரவு அறையில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். எங்கள் ஐஸ் ஆலையில் இருந்தது அதிகம் போனால் இரண்டு தொன். அப்படி இருபத்தைந்து ஆலையை ஒன்றாகக் கட்டினால்தான் ஐரோப்பாவின் கீழ்ப்படியையே தொடும். பெரியண்ணனின் கண்ணைப் பறித்த எழுபத்தைந்து கிலோ அந்த அட்டவணையின் பக்கத்தில்கூட வராது.

அட்டவணை தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பரிசோதகர் தேநீர்க்கடைக் கேஸ் சிலிண்டருக்கெல்லாம் அறிக்கை படித்துக்கொண்டிருப்பார். ஆனால் அந்தச் சட்டம் பெரிய ஆலையிடம் கேட்கிற கேள்விகள் சின்ன ஆலைக்கும் பொருந்தும். எவ்வளவு இருக்கிறது, தப்பினால் எங்கே போகும், அங்கே யார் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியுமா. இந்த நாலுக்கும் பதில் எழுத நிபுணர் வேண்டியதில்லை, ஒரு பின்னேரம் போதும்.

2010 செப்டெம்பர் 17 அன்று கட்டாரில் இருந்தபோது வீட்டிலிருந்து தொலைபேசி. செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் உள்ள கரடியனாறில் பொலிஸ் நிலைய வளவில் வெடிவிபத்து. வீதி அமைக்கும் வேலைக்கான டைனமைட்டைக் கொள்கலன்களில் அங்கே வைத்திருந்தார்கள். முதல் நாள் அறுபது பேர் என்று செய்தி சொன்னது, பிறகு இருபத்தைந்து அளவில் என்று திருத்தினார்கள். சீன நாட்டவர் இருவரும் அதில் அடக்கம். எங்கள் மாவட்டத்தில் ஒரு பெருவிபத்து என்றால் எனக்கு இதுதான். பல நாள் யோசித்தேன். வெடிமருந்தைப் பொலிஸ் வளவில் வைத்தால் கள்ளனிடமிருந்து காக்கலாம். வெடிமருந்திடமிருந்து பொலிஸ்காரனையும் முறைப்பாடு எழுத வந்தவனையும் காக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 4 பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று வெடித்தபோதும் அதுதான். பூட்டிய களஞ்சியம், பக்கத்தில் நகரம். களவு போகாமல் வைப்பது ஒரு வேலை, வெடித்தாலும் ஆள் சாகாமல் வைப்பது வேறு வேலை.

2018இல் ஊர் திரும்பினேன். கல்முனைப் பக்கம் ஓர் ஐஸ் ஆலையில் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வேலியில் கிணற்றுத் தண்ணீர் கேட்டு வாங்குகிற நெருக்கமான ஊர். முதல் நாள் முதலாளியிடம் கேட்டேன், “சிஸ்டத்துக்குள் எவ்வளவு கேஸ் இருக்கிறது?” அவர் பழைய ஒபரேட்டரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

கேஸ் வாங்கிய பற்றுச்சீட்டுகளைத் தேடினேன். ஐந்து வருடத்துச் சீட்டுகள் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் இருந்தன. வருடத்துக்கு மூன்று, நாலு சிலிண்டர் புதிதாக வாங்கி ஊற்றியிருக்கிறார்கள். சிஸ்டம் மூடிய வட்டம். அமோனியாவை யாரும் குடிப்பதில்லை. வருடா வருடம் உள்ளே போன நூற்றைம்பது, இருநூறு கிலோவும் ஊர்க் காற்றில்தான் போயிருக்க வேண்டும். இதை முதலாளியிடம் பாதுகாப்பு என்று சொல்லவில்லை, காசு என்று சொன்னேன். அன்றைக்கே கந்தகக் குச்சி வாங்கித் தந்தார். கந்தகத்தைக் கொளுத்தி இணைப்புகளின் பக்கத்தில் கொண்டுபோனால் கசிகிற இடத்தில் அடர்ந்த வெள்ளைப் புகை கிளம்பும். பதினொரு இடம். அதில் ஒன்று, சைக்கிள் டியூப்பைக் கீறி இறுக்கிச் சுற்றிய ஒரு குழாய்.

அந்த டியூப் கட்டு எத்தனை நாளாக இருக்கிறது என்றேன். “தற்காலிகமாகப் போட்டது” என்றார்கள். எப்போது? இரண்டு வருடத்துக்கு முன். இங்கிலாந்தில் ஃப்ளிக்ஸ்பரோ என்ற இடத்தில் 1974 ஜூன் 1 அன்று ஓர் ஆலை வெடித்து 28 பேர் செத்ததும் ஒரு தற்காலிகக் குழாயால்தான். பழுதான கலனை எடுத்துவிட்டு இரு பக்கத்தையும் இணைக்க அவசரமாக வளைத்துப் போட்ட குழாய். தற்காலிகம் என்று சொன்னால் எப்போது கழற்றுவது என்ற திகதியையும் அதிலேயே எழுதித் தொங்கவிட வேண்டும் என்று கட்டாரில் படித்திருந்தேன். இங்கே ஒரு தகரத் துண்டில் ஆணியால் கீறி எழுதித் தொங்கவிட்டேன். அந்தத் திகதி வந்தது, குழாய் மாறவில்லை, இன்னொரு தகரம் தொங்கவிட்டேன். மூன்றாவது தகரத்துக்கு முதலாளி வெட்கப்பட்டுக் குழாய் மாற்றினார்.

ஒயில் வடிக்கும் குழாயில், கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும் சுருள்வில் வால்வு ஒன்றைப் போட வைத்தேன். ஐஸ் ஆலை வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த வால்வை மட்டும் மறக்க வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு சாதாரண வால்வும் இருக்க வேண்டும். அடைத்தால் கம்பி போட்டுக் குத்தக் கூடாது, கலனைத் தனிமைப்படுத்தி அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் குழாயில் கை வைக்க வேண்டும். இரண்டு பேர் நிற்க வேண்டும், இரண்டாமவர் காற்று வருகிற பக்கமாகத் தள்ளி நிற்க வேண்டும். தொலைபேசி வந்தாலும் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இவ்வளவும் செய்தும் எங்களை ஒரு நாள் மின்வெட்டு பிடித்தது. 2022 பங்குனி கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்திய காலம். கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். ஒவ்வொரு தடவையும் பையன்கள் ஓடிப்போய் வால்வுகளை மூடுவார்கள், திறப்பார்கள். ஒரு மத்தியானம் ரிசீவருக்கு வெளியே ஒரு வால்வையும், தொட்டிக்கு முன்னால் ஒரு வால்வையும் சேர்த்து மூடிவிட்டார்கள். நடுவில் இருந்த குழாய் முழுக்கத் திரவம். குழாயின் மேலிருந்த உறைபனி உருகிச் சொட்டத் தொடங்கியபோது எனக்கு வயிறு கலங்கியது. சூடாகிற திரவத்துக்கு விரிய இடம் இல்லாவிட்டால் அது இரும்பையே பிளக்கும். ஓடிப்போய் ஒரு வால்வைத் திறக்க முன், இணைப்பொன்றின் நடுவில் வைக்கிற கேஸ்கெட் என்கிற அடைப்பு பிதுங்கி ஒரு விசில் சத்தம். நல்ல வேளை, குழாய் முந்தவில்லை, கேஸ்கெட் முந்தியது. மறுநாள் இரண்டு வால்விலும் சிவப்புப் பெயின்டில் எழுதினேன், “இதை மூடினால் மற்றதைத் திறந்து வை.” பொறியியல் நூலில் இதை எப்படிச் சொல்வார்களோ தெரியாது, பையன்களுக்கு இது விளங்கியது.

அந்த விசிலுக்குப் பிறகுதான் முதலாளி மதிலுக்கு வெளியே யோசிக்கச் சம்மதித்தார். அதுவரை, அயலவர்களிடம் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தால், “சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி” என்பார். அவர் பயந்ததும் நியாயம்தான். நான் முதல் நாலு வீட்டுக்குப் போய் வருவதற்குள், ஆலையை மூடப்போகிறார்கள் என்று மீன் வாடி வரைக்கும் கதை போய்விட்டது. ஆகவே வீடு வீடாகப் போவதை விட்டுவிட்டு, கிராம உத்தியோகத்தரையும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரையும் கோயில் தலைவரையும் ஆலைக்குள்ளேயே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து எல்லாவற்றையும் காட்டினோம். ரிசீவரைத் தொட்டுப் பார்க்க விட்டோம். பார்த்தவர்கள் பயப்படவில்லை, கேள்வி கேட்டார்கள்.

காற்றுக்கு நான் முதலில் போட்ட படம் தவறு. இணையத்தில் பார்த்து அம்புக்குறி வரைந்திருந்தேன். எழுபது வயது தாண்டிய ஒரு வலைக்காரப் பெரியவர் அதைப் பார்த்துச் சிரித்தார். “மகன், கச்சான் விடியக் காலையில் ஒரு பேச்சு, உச்சிக்குப் பிறகு ஒரு பேச்சு. மத்தியானம் கடல்காற்று ஏறினால் உன்னுடைய மேகம் பாடசாலைப் பக்கம் போகாது, வயல் பக்கம் திரும்பும். கொண்டலும் வாடையும் வந்தால் எல்லாமே வேறு.” மண்ணில் குச்சியால் கீறிக் காட்டினார். வைகாசி முதல் புரட்டாசி வரை காலையில் ஒரு வழி, பின்னேரம் ஒரு வழி, மார்கழி, தை மாதங்களில் இன்னொன்று. அந்தக் கீறலைத்தான் பிறகு தாளில் ஏற்றினேன். காற்றுக்கொடிக்கு வாங்கிய துணிக்குழாய் உப்புக்காற்றில் மூன்று மாதத்தில் கிழிந்தது. இப்போது தென்னை உயரக் கம்பத்தில் ஒரு பழைய சாரத் துண்டு பறக்கிறது. ஒழுங்கையில் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது.

ஒத்திகையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் பெரிய ஆள் என்று நினைத்துவிடுவீர்கள். எச்சரிக்கைக்கு ஐஸ் லொறியின் ஹோர்னை விட்டு விட்டு அடிப்பது என்று முடிவு செய்தோம். 2023இல் ஒரு சனிக்கிழமை காலை அடித்தோம். ஒழுங்கை முழுக்கப் பெண்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள், அருமையான வேகம். பாதிப் பேர் கையில் சட்டி இருந்தது. மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருபவர் அப்படித்தான் ஹோர்ன் அடிப்பார் என்பது எனக்கு ஏன் அதுவரை தோன்றவில்லை? “தம்பி, என்ன மீன்?” என்று ஒரு தாத்தா என்னிடமே கேட்டார். அடுத்த தடவை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மூன்று வசனம், கோயில் மணி நிற்காமல் ஒரு நிமிடம் என்று மாற்றினோம். வசனங்களையும் எழுதிக் கொடுத்துவிட்டோம், பதற்றத்தில் யாரும் சொந்தமாகப் பேசக் கூடாது என்பதற்காக.

ஒத்திகைக்குப் பிறகு ஒரு தாய் கேட்ட கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. படுக்கையில் கிடக்கும் மாமியாரை எப்படித் தூக்கிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே ஓடுவது? கட்டாரில் கதவை மூடி உள்ளே இருங்கள் என்பார்கள், அங்கே கட்டடம் காற்றுப் புகாத பெட்டி. எங்கள் ஓட்டு வீட்டில் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் பூனை போய்வரும். கடைசியில் இப்படி முடிவு செய்தோம். நடக்கக் கூடியவர்கள் குறுக்கே போவது. தூக்க முடியாதவரை மேகத்துக்கு எதிர்ப்பக்க அறைக்கு மாற்றி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, முகத்திலும் ஈரத்துணி போடுவது. அமோனியா தண்ணீரில் ஆசையோடு கரையும், ஈரத்துணி அதில் ஒரு பங்கைப் பிடித்துவிடும். அப்படிப்பட்டவர்கள் இருக்கும் வீடுகள் ஏழு. அவர்களுக்கு முதலில் ஓட இரண்டு பொடியன்களின் பெயர் எழுதியிருக்கிறது.

கண்ணில் பட்டால் கசக்காமல் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வண்டி தேடுவது அதற்குப் பிறகு. பெரியண்ணனை நாங்கள் முதலில் வண்டியில்தான் ஏற்றினோம். உடுப்பு நனைந்திருந்தால் கழற்றிவிட வேண்டும். வெள்ளை மேகத்தின் மேல் தண்ணீரைத் தூவலாகப் பீய்ச்சினால் அது அடங்கும், ஆனால் தரையில் தேங்கிய திரவத்தின் மேல் ஊற்றினால் பொங்கி இரண்டு மடங்காகும். ஆம்புலன்ஸுக்கு 1990, தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. அழைப்பவர் “ஐஸ் ஆலையில் பிரச்சினை” என்று சொல்லக் கூடாது. அமோனியா என்ற பெயரையும், எந்த வீதியால் வந்தால் காற்று முதுகில் இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உதவிக்கு வருகிறவர்களே முதலில் விழுவார்கள்.

எங்கள் நாட்டில் சட்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, 1956இன் வெடிபொருட்கள் சட்டம், 1980இன் தேசிய சுற்றாடல் சட்டம், 2005இன் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலுவலகத்தில், ஒவ்வொரு கோப்பில். நான் நின்ற வாசலில் இந்தக் கோப்புகள் ஒன்றையொன்று சந்தித்ததை மட்டும் பார்த்ததில்லை. நான் எங்கு போனாலும் கேட்பது ஒரு தாள்தான். ஆலையில் என்ன பொருள், எத்தனை கிலோ, எந்த மாதம் எந்த நேரம் எந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கத்தில் எத்தனை பிள்ளை, எத்தனை முடியாதவர்கள். உரிமம் புதுப்பிக்கும்போது அந்தத் தாளும் புதுப்பிக்கப்பட வேண்டும், ஒரு பிரதி கிராம உத்தியோகத்தரிடம் இருக்க வேண்டும்.

உரிமம் புதுப்பிக்க வந்த ஓர் இளம் உத்தியோகத்தரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லையே” என்றார். கொஞ்ச நேரம் பேனையைச் சுழற்றிக்கொண்டிருந்துவிட்டு, படிவத்தைத் திருப்பி வெற்றுப் பக்கத்தில் எழுதினார். அமோனியா 1,800 கிலோ. கச்சான் காலத்தில் காலை வேளை பாடசாலைப் பக்கம். முடியாதவர்கள் ஏழு வீடு.

அடுத்த வருடம் வேறு ஓர் உத்தியோகத்தர் வந்தார். பழைய கோப்பைப் புரட்டினார், முன்பக்கத்தைப் பார்த்தார், புதிய படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனையை எடுத்தார்.

“சேர், பின்பக்கமும் இருக்கிறது” என்று பழைய தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன்.